கல்லூரிக் கால்பந்தும் ஆர்.வி. வண்டியும்: டெயில்கேட்டிங் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி நவம்பர் முடியும்வரை, அமெரிக்காவின் கல்லூரி ஊர்களில் சனிக்கிழமை என்றாலே கால்பந்துதான்; காலால் உதைத்து ஆடுவது அல்ல, பந்தைக் கையில் பிடித்து ஓடும் அமெரிக்கக் கால்பந்து. ஆட்டம் சனி மாலை என்றாலும் வியாழன், வெள்ளியிலேயே நெடுஞ்சாலைகளில் ஆர்.வி. வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கிவிடும். படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள இந்த நடமாடும் வீடுகளை அரங்குக்கு அருகே நிறுத்தி, சமைத்து, சாப்பிட்டு, ஆட்டம் பார்த்து, ஞாயிற்றுக்கிழமைதான் ஊர் திரும்புகிறார்கள். அமெரிக்காவில் படிக்கும், வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் இதை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, நாமும் ஒருமுறை போகலாமா என்று கேட்கிறார்கள். கட்டாயம் போகலாம். வழக்கமாக வரும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் கீழே.

டெயில்கேட்டிங் என்றால் சரியாக என்ன செய்வார்கள்?

ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் வண்டி நிறுத்துமிடத்தில் கூடிச் சமைத்து விருந்துண்பதுதான் டெயில்கேட்டிங். பிக்கப் வண்டியின் பின்கதவை இறக்கி, அதையே மேசையாக்கி உணவைப் பரப்பிய வழக்கத்திலிருந்து வந்த பெயர். இன்று பந்தல், கரி அடுப்பு, தொலைக்காட்சி, நாற்காலிகள் என்று அது வளர்ந்துவிட்டது. ஆர்.வி. வந்த பிறகு ஒரு நாள் விருந்து இரண்டு, மூன்று நாள் குடியிருப்பாகவே மாறியது.

கல்லூரி மாணவர்கள் ஆடும் ஆட்டத்துக்கா இத்தனை கூட்டம்?

ஆம். முதல் கல்லூரி ஆட்டம் 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சியில் ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகளுக்கு இடையே நடந்தது. தொழில்முறை லீக் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஊர் ஊராக வேரூன்றிவிட்ட ஆட்டம் இது. மிஷிகன் பல்கலைக்கழகத்தின் அரங்கில் 1,07,601 பேர் உட்காரலாம். பென்சில்வேனியா, ஒஹையோ, டெக்சஸ், லூசியானா, டென்னசி, அலபாமா மாநிலங்களிலும் ஒரு லட்சத்தைத் தாண்டும் அரங்குகள் இருக்கின்றன. தொழில்முறைக் கால்பந்து அரங்குகளில் எதுவும் வழக்கமான இருக்கை எண்ணிக்கையில் இவற்றை எட்டவில்லை.

அலபாமா, நெப்ராஸ்கா போன்ற மாநிலங்களில் முதன்மைத் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லில் ஆடும் அணியே கிடையாது. பல்கலைக்கழக அணிதான் மாநிலத்தின் அணி. அங்கே படித்தவர்கள் மட்டுமல்ல, கல்லூரி வாசலையே மிதிக்காத விவசாயியும் மெக்கானிக்கும் அதே நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். தாத்தா நிறுத்திய அதே இடத்தில் பேரன் வண்டியை நிறுத்துகிற குடும்பங்கள் உண்டு.

காரில் போய் ஹோட்டலில் தங்கினால் போதாதா? ஆர்.வி. எதற்கு?

ஐம்பதாயிரம் பேர் வாழும் ஊருக்கு ஒரு லட்சம் பேர் வந்தால் ஹோட்டல் அறை என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பல ஊர்களில் ஆட்ட வாரத்தில் கட்டணம் பல மடங்கு ஏறுகிறது. குறைந்தது இரண்டு இரவுகளுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். அதற்கும் அறை கிடைப்பதில்லை. இது ஒரு காரணம்.

என்னைக் கேட்டால் இன்னும் பெரிய காரணங்கள் இரண்டு. கழிவறையும் படுக்கையும் பத்தடி தூரத்தில் இருந்தால் எழுபது வயதுப் பெற்றோரையும் கைக்குழந்தையையும் தயங்காமல் அழைத்துப் போகலாம். ஆட்டம் முடிந்து யாரும் அன்றிரவே வண்டி ஓட்ட வேண்டியதில்லை என்பது மற்றொன்று. களைப்பும் மதுவும் இரவு நெடுஞ்சாலையும் ஒன்றுசேர்வதைத் தடுக்கிற ஒரு ஏற்பாட்டுக்காக எவ்வளவு செலவு செய்தாலும் தகும்.

சொந்தமாக வாங்க வேண்டுமா? வாடகைக்குக் கிடைக்குமா?

முதல் இரண்டு, மூன்று முறை வாடகைக்கு எடுங்கள். க்ரூஸ் அமெரிக்கா போன்ற நிறுவனங்கள் தங்கள் சொந்த வண்டிகளை வாடகைக்குத் தருகின்றன. ஆர்.வி.ஷேர், அவுட்டோர்சி போன்றவை தனியார் வண்டிகளை உரிமையாளரிடமிருந்து ஏற்பாடு செய்துதருகின்றன. வண்டியையும் ஊரையும் பொறுத்து ஓர் இரவுக்கு ஏறத்தாழ 150 முதல் 300 டாலர் வரை ஆகும். அதற்கு மேல் மைல் கணக்கு, ஜெனரேட்டர் ஓடிய மணிக்கணக்கு, காப்பீடு, சுத்தம் செய்யும் கட்டணம் என்று சேரும். கையெழுத்துப் போடும் முன் இந்த நான்கையும் தனித்தனியாகக் கேட்டுவிடுங்கள். பெரிய வண்டி ஒரு காலன் பெட்ரோலுக்கு எட்டு, பத்து மைல்தான் ஓடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஒரு குடும்பத்துக்கு, ஓட்டுநர் இருக்கைக்கு மேலே படுக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ‘கிளாஸ் சி’ வண்டி போதும். பஸ் போன்ற ‘கிளாஸ் ஏ’ வண்டியை முதல் தடவையே எடுக்காதீர்கள்.

ஓட்டுவதற்குத் தனி உரிமம் வேண்டுமா?

26,000 பவுண்டு எடைக்கு உட்பட்ட வண்டியைப் பெரும்பாலான மாநிலங்களில் சாதாரண ஓட்டுநர் உரிமத்தோடு ஓட்டலாம். வாடகைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த வரம்புக்குள்தான் இருக்கும். பல இடங்களில் ஓட்டுநருக்கு 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள்.

உரிமத்தைவிட உயரம்தான் கவலைப்பட வேண்டியது. காருக்கான வழிகாட்டிச் செயலிக்கு உங்கள் தலைக்கு மேல் ஏ.சி. பெட்டி இருப்பது தெரியாது. வட கரோலினாவின் டர்ஹமில், டியூக் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரில், 11 அடி 8 அங்குலம் என்ற உயரப் பலகையாலேயே பெயர்பெற்ற ரயில் பாலம் ஒன்று இருக்கிறது. எத்தனையோ லாரிகளின், ஆர்.வி.க்களின் கூரையை அது உரித்தெடுத்திருக்கிறது. 2019இல் அதை எட்டு அங்குலம் உயர்த்தினார்கள். அதன் பிறகும் வண்டிகள் போய் மோதிக்கொண்டுதான் இருக்கின்றன. வண்டியின் உயரத்தை ஏ.சி. பெட்டியையும் சேர்த்துக் கேட்டு, ஒரு தாளில் எழுதி, ஓட்டுநர் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள்.

அரங்குக்கு அருகே இடம் எப்படிப் பிடிப்பது?

அரங்கை ஒட்டிய ஆர்.வி. இடங்கள் பெரும்பாலும் பருவம் முழுவதற்கும் முன்பதிவு ஆகிவிடும். பல பல்கலைக்கழகங்களில் விளையாட்டுத் துறைக்கு நன்கொடை தருபவர்களுக்கு, தொகையையும் எத்தனை ஆண்டுகளாகத் தருகிறார்கள் என்பதையும் வைத்து அந்த இடங்களை ஒதுக்குகிறார்கள். புதிதாக வருபவருக்கு அங்கே இடம் கிடைப்பது கடினம்.

வேறு வழிகள் இருக்கின்றன. ஓர் ஆட்டத்துக்கு மட்டும் அனுமதி விற்கும் வெளிவட்ட மைதானங்கள் பல ஊர்களில் உண்டு. அங்கிருந்து பஸ்ஸும் விடுவார்கள். தேவாலயங்களும் பள்ளிகளும் தங்கள் வளாகத்தை வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தைத் தங்கள் செலவுக்கு எடுத்துக்கொள்கின்றன. வீட்டு முற்றத்தையே வாடகைக்கு விடுகிறவர்களும் உண்டு. பருவத்தின் முதல் ஆட்டங்களில் பெரிய பல்கலைக்கழகங்கள் சிறிய கல்லூரிகளோடு மோதும். அவற்றுக்கு இடமும் டிக்கெட்டும் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. உங்கள் முதல் பயணத்தை அப்படிப்பட்ட ஒரு வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பதிவு செய்யும்போது இடத்தின் நீள அகலத்தைக் கேளுங்கள். நிழற்கூரை, பக்கவாட்டில் விரியும் அறை, அடுப்பு, நாற்காலி எல்லாம் உங்கள் கோட்டுக்குள் அடங்க வேண்டும். இரவு தங்க அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சில இடங்களில் ஆர்.வி. வரலாம், தூங்கக் கூடாது.

எப்போது போய்ச் சேர வேண்டும்?

இடம் திறக்கும் நேரம் எதுவோ அதற்கு ஒரு மணி நேரத்துக்குள். வெள்ளி பிற்பகல் திறக்கும் இடங்களே அதிகம். பகல் வெளிச்சம் இருக்கும்போதே வண்டியைப் பின்னோக்கி ஏற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, மட்டப்பலகை பார்த்துச் சமன்செய்துவிட வேண்டும். கேஸில் ஓடும் பழைய வகைக் குளிர்பதனப் பெட்டி வண்டி சாய்ந்திருந்தால் ஒழுங்காகக் குளிராது, நாள்பட்டால் பழுதாகும்.

ஆட்டம் தொடங்கும் நேரத்தைத் தீர்மானிப்பவை தொலைக்காட்சி நிறுவனங்கள். பல ஆட்டங்களுக்கு 12 நாள் முன்புதான் நேரம் தெரியும். சில வாரங்களில் 6 நாள் முன்புதான். பகல் 12 மணி ஆட்டம் என்றால் காலைச் சிற்றுண்டி விருந்து. இரவு 7 மணி ஆட்டம் என்றால் நாள் முழுக்கச் சமையல். அதனால் நேரம் தெரிந்த பிறகு பட்டியல் போடுங்கள், அதற்கு முன் இறைச்சி வாங்காதீர்கள்.

மின்சாரத்துக்கு என்ன செய்வது?

இதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மின் இணைப்பு உள்ள இடங்கள் குறைவு, விலையும் அதிகம். பெரும்பாலான இடங்களில் ஜெனரேட்டரும் பேட்டரியும்தான். 30 ஆம்பியர் வண்டி என்றால், 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். கூரையிலுள்ள ஒரு ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது சுமார் 1,500 வாட் இழுக்கும். தொடங்கும் நொடியில் அதைவிட அதிகம். மைக்ரோவேவ் இன்னொரு 1,500. காபி இயந்திரம் ஓர் ஆயிரம். மூன்றையும் ஒன்றாகப் போட்டால் சுவிட்ச் விழுந்துவிடும். காபி வேண்டும் என்றால் ஏ.சி.யைப் பத்து நிமிடம் நிறுத்துங்கள். இந்த ஒழுங்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கையில் தூக்கிச்செல்லும் 2,200 வாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் தொடர்ந்து தருவது 1,800 வாட் அளவுதான். ஒன்று விளக்கு, தொலைக்காட்சி, சிறு சமையல் சாதனங்களுக்குப் போதும், ஏ.சி.க்கு இரண்டை இணைத்து ஓட்டுவார்கள். சத்தம் குறைவு என்பதால் இந்த வகைக்கே பக்கத்து வண்டிக்காரர்கள் மத்தியில் மரியாதை. கட்டுமான இடங்களில் கேட்கும் திறந்த சட்ட ஜெனரேட்டரைக் கொண்டுவந்து காலை ஆறு மணிக்கு ஓட்டுகிறவரை அந்தப் பருவம் முழுக்க யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள்.

இரவுக்கு பேட்டரி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று சுமார் 1,280 வாட்-மணி தரும். விளக்கு, தண்ணீர் பம்பு, கைப்பேசி, ஒரு சிறிய மின்விசிறி எல்லாம் காலைவரை தாராளமாக ஓடும். ஆனால் ஏ.சி. ஒரு மணி நேரம்கூட ஓடாது. பழைய ஈய-அமில பேட்டரி என்றால் அதன் கொள்ளளவில் பாதியைத்தான் நம்ப வேண்டும். அதற்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் குறையும்.

ஜெனரேட்டரால் உயிருக்கு ஆபத்து என்கிறார்களே?

உண்மை. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைப் படிப்பதென்றால் இதைப் படியுங்கள். ஜெனரேட்டரும் கரி அடுப்பும் வெளியிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். தலைவலி, மயக்கம், குமட்டல் என்று தொடங்கும். ஆட்ட நாளில் இதே அறிகுறிகளை வெயில் என்றோ குடி என்றோ நினைத்து, போய்ப் படு என்று சொல்லி அந்த நபரை அதே வண்டிக்குள் அனுப்பிவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

கையில் தூக்கும் ஜெனரேட்டரை வண்டியிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்க வேண்டும். புகைக்குழாய் எந்த ஜன்னலையும் பார்க்கக் கூடாது, பக்கத்து வண்டி ஜன்னலையும்தான். இடம் நெருக்கமாக இருந்து 20 அடி கிடைக்காவிட்டால் ஓட்டாதீர்கள். தூங்கும்போது ஓட்டாதீர்கள். குளிருக்காகக் கரி அடுப்பை உள்ளே கொண்டுபோவதும் கேஸ் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தூங்குவதும் கூடவே கூடாது. வண்டியை வாங்கும்போதே உரிமையாளர் முன்னிலையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அந்தக் கருவிக்கு ஆயுட்காலம் உண்டு. பின்புறம் தேதி இருக்கும். பேட்டரியில் ஓடும் இன்னொன்றை நாமே வாங்கிப் படுக்கை அருகில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒருவருக்குத் தலை சுற்றினால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு 911.

தண்ணீரும் கழிவறையும் எப்படி?

மூன்று தொட்டிகள் இருக்கும்: நல்ல தண்ணீர், பாத்திரம் கழுவிய, குளித்த நீர், கழிவறை நீர். 40 காலன் நல்ல தண்ணீர் என்றால் சுமார் 150 லிட்டர். வீட்டில் குளிப்பதுபோல் நிமிடத்துக்கு 2.5 காலன் கொட்டவிட்டால் பதினாறு நிமிடத்தில் தொட்டி காலி. உடலை நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, திறந்து அலசி முடித்துவிட வேண்டும். ஒரு வாளி, ஒரு சொம்பு கொண்டுபோனால் நமக்கு இதைவிடவும் எளிது.

கழிவறைத் தொட்டிதான் விருந்தாளிகளால் நிரம்பும். இருபது பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தால், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் மட்டும் வண்டிக் கழிவறை, மற்றவர்களுக்கு மைதானத்துத் தற்காலிகக் கழிவறை என்று சிரித்த முகத்தோடு முதலிலேயே சொல்லிவிடுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூடப் புல்லில் திறந்துவிடக் கூடாது. கழிவு வெளியேற்றும் நிலையம் எங்கே இருக்கிறது என்பதை வெள்ளிக்கிழமையே விசாரித்துவையுங்கள்.

நவம்பரில் வடக்கு மாநிலங்களுக்குப் போகிறவர்கள் குழாயில் நீர் உறைந்து வெடிக்கும் என்பதை மனதில் வைக்க வேண்டும். அப்போது தொட்டியை நம்பாமல் கேன் தண்ணீரோடு சமாளிப்பவர்கள் அதிகம்.

என்ன சமைக்கிறார்கள்?

ஊருக்கு ஊர் மாறும், அதுதான் இதன் அழகு. விஸ்கான்சினின் மேடிசனில் பிராட்வர்ஸ்ட் என்ற ஜெர்மானிய வகைத் தொத்திறைச்சியை வெங்காயத்தோடு பீரில் வேகவைத்து, பிறகு கிரில்லில் வாட்டுவார்கள். டெக்சஸில் மாட்டு நெஞ்சுக்கறி. கரோலினாக்களில் பன்றிக்கறி, வடக்கே காடிச் சாறு, தெற்கே கடுகுச் சாறு. எது சரி என்று அவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். லூசியானாவின் பேட்டன் ரூஷில் கம்போ என்ற கெட்டிக் குழம்பு, ஜம்பலாயா என்ற கலவைச் சோறு. புலியைச் சின்னமாகக் கொண்ட அவ்வூர் எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) அணி, முதலைகளைச் சின்னமாகக் கொண்ட புளோரிடாவோடு மோதும் வாரத்தில் அங்கே முதலைக் கறியே நெருப்பில் ஏறும். சமையலில் எனக்கு மிகப் பிடித்த ஊர் அதுதான். உணவை இத்தனை பொறுப்போடு நடத்தும் கூட்டத்தை வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஆர்.வி.க்காரர்களின் தனிச்சிறப்பு இரவு முழுக்க வேகும் இறைச்சி. பன்றியின் தோள்பகுதியை வெள்ளி இரவு பத்து மணிக்கு ஸ்மோக்கர் அடுப்பில், ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைப்பார்கள். ஹிக்கரி கட்டையின் புகை மெல்ல ஏறும். உள்வெப்பம் 70 டிகிரியைத் தொட்டதும் முள் அப்படியே நின்றுவிடும்; ஒரு மணி, இரண்டு மணி, சில சமயம் நான்கு மணி நேரம்கூட நகராது. இறைச்சியின் மேற்பரப்பிலிருந்து ஆவியாகும் ஈரம் அதைக் குளிர்விப்பதால் இப்படி ஆகிறது. அனுபவசாலிகள் அப்போது நெருப்பை ஏற்றமாட்டார்கள். தாளில் சுற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். 95 டிகிரியில் எடுத்து, துண்டில் சுற்றி, காலியான ஐஸ் பெட்டிக்குள் ஒரு மணி நேரம் வைப்பார்கள். திறந்ததும் எலும்பை இரண்டு விரலால் உருவிவிடலாம்.

உணவுப் பாதுகாப்பு ஒன்று: சமைத்ததை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம்தான். தயிர் சாதமும் இதில் அடக்கம். எரிந்த கரியை உலோகத் தொட்டியில் மட்டும் கொட்டுங்கள். சூடான கரியை வண்டிக்குக் கீழே தள்ளிவைத்துத் தீப்பிடித்த கதைகள் உண்டு.

நாங்கள் சைவம். எங்களுக்கு அங்கே இடம் இருக்கிறதா?

இருக்கிறது, ஆனால் அடுத்தவர் தட்டை நம்பிப் போகாதீர்கள். பார்க்க சைவமாக இருப்பவற்றில் இறைச்சி இருக்கும். தென் மாநிலங்களில் கீரையைப் பன்றி எலும்போடு வேகவைப்பது வழக்கம். அவித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு கிடக்கும். சில்லி என்ற குழம்பில் மாட்டிறைச்சி. கேளுங்கள், கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

கேஸில் ஓடும் தட்டையான இரும்புக் கல் அடுப்பு இப்போது டெயில்கேட்டிங்கில் எங்கும் இருக்கிறது. அவர்கள் அதில் பர்கரும் பான்கேக்கும் சுடுகிறார்கள்; நாம் ஒரே நேரத்தில் நான்கு தோசை வார்க்கலாம். மாவை வெள்ளி காலை அரைத்துப் புளிக்கவைத்து, உப்புச் சேர்த்து, வாயகன்ற பாத்திரத்தில் பாதிவரை மட்டும் ஊற்றி ஐஸ் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். செப்டம்பர் வெயிலில் வெளியே வைத்தால் சனி காலைக்குள் பொங்கி வழியும். காற்று அடிக்கும் பக்கம் கல் சூடு குறையும். தடுப்புத் தகடு வைக்காவிட்டால் ஒரு பாதி முறுகும், மறுபாதி ஒட்டும். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி எண்ணெய் தேய்த்து வார்த்தால் போதும். வாசனைக்கே பக்கத்து வண்டிக் குழந்தைகள் வந்து நிற்பார்கள். மாவை நினைத்ததைவிட இரண்டு மடங்கு கொண்டுபோங்கள். வடை, பஜ்ஜி வேண்டாம்: காற்றிலும் கூட்டத்திலும் கொதிக்கும் எண்ணெய் ஆபத்து; பல இடங்களில் எண்ணெய்ச் சட்டிக்குத் தடையும் உண்டு.

யாரையும் தெரியாது. எப்படிப் பழகுவது?

வண்டியை நிறுத்தி முடித்ததும் இருபுறமும் போய் வணக்கம் சொல்லுங்கள். ஜெனரேட்டர் புகை உங்கள் பக்கம் வருகிறதா, எத்தனை மணிக்கு நிறுத்தட்டும் என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே பாதி நட்பு ஆகிவிடும். சமைத்ததும் ஒரு தட்டு கொண்டுபோய்க் கொடுங்கள். காலித் தட்டு திரும்பி வராது.

வண்டி, அடுப்பு, திரை என்று எவ்வளவு கொட்டினாலும், இந்த வார இறுதியின் பயன் பக்கத்து வண்டிக்காரர்களிடம்தான் இருக்கிறது. ஒரே இடத்தில் ஆண்டுதோறும் நிறுத்துகிறவர்கள் ஒருவர் வீட்டுத் திருமணத்துக்கு மற்றவர் போகிறார்கள். ஒருவர் நோயில் படுத்தால் அந்த இடத்தை மற்றவர்கள் காத்துவைக்கிறார்கள். தாய்நாட்டைவிட்டு வந்து, பக்கத்து வீட்டாரின் பெயர்கூடத் தெரியாமல் அடுக்ககங்களில் வாழும் நம்மைப் போன்றவர்கள் இந்த நாட்டு மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிட இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

எதிரணி ரசிகர் உங்கள் வரிசையில் வந்தால்? பேட்டன் ரூஷில் எதிரணிச் சட்டையைப் பார்த்தால் ‘புலிக்கு இரை’ என்று முழங்குவார்கள். அடுத்த நொடி கிண்ணத்தில் கம்போ ஊற்றிக் கொடுப்பார்கள். அப்படியே செய்யுங்கள்.

பொழுதுபோக்கு என்ன?

கார்ன்ஹோல்தான் எல்லா இடத்திலும். இரண்டடிக்கு நான்கடி சாய்பலகை, அதில் ஆறு அங்குல ஓட்டை. 27 அடி தூரத்திலிருந்து சிறு துணிப்பையை எறிய வேண்டும். பலகையில் நின்றால் 1, ஓட்டையில் விழுந்தால் 3. முதலில் 21 எடுப்பவர் வெற்றி. தாத்தாவும் பேத்தியும் சமமாக ஆடலாம்.

அணி அரங்குக்குள் நடந்துபோவதைப் பார்க்கத் தவறாதீர்கள். அலபாமாவின் ஆபர்னில் ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு, இருபுறமும் ரசிகர்கள் நெருக்கி நிற்க வீரர்கள் நடப்பார்கள். எல்.எஸ்.யு.வில் வாத்தியக் குழு சரிவில் இறங்கி வந்து, ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். பிறகு முதல் நான்கு சுரங்களை எழுப்பும்போது கூட்டம் முழுக்க ஆர்ப்பரிக்கும்.

டிக்கெட் இல்லாமல் போகலாமா?

தாராளமாக. வெளியில் இருந்தபடியே தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள் ஏராளம். கைப்பேசி இணையத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒரு லட்சம் பேர் கூடிய இடத்தில் அது திணறும். முக்கிய ஆட்டங்கள் பல ஏ.பி.சி., சி.பி.எஸ்., என்.பி.சி., ஃபாக்ஸ் அலைவரிசைகளில் வருவதால் சாதாரண ஆன்டெனா போதும். உள்ளே போகிறவர்கள் 12க்கு 6க்கு 12 அங்குலத்துக்கு மிகாத, உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையை மட்டும் எடுத்துப் போகலாம் என்பது பெரும்பாலான அரங்குகளின் விதி. ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி விடமாட்டார்கள்.

மது?

21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கிடையாது, கொடுப்பவரும் குற்றவாளி. பொது இடத்தில் திறந்த மதுவுக்கு ஊருக்கு ஊர் விதி வேறு. கண்ணாடிப் பாட்டில் பல இடங்களில் தடை. ரத்தத்தில் மது வரம்பு 0.08 சதவீதம், யூட்டாவில் 0.05. நிறுத்திய வண்டியைச் சனி இரவு நகர்த்துவதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்து, சாவியைக் குடிக்காதவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இடி, மழை வந்தால்?

மின்னல் அருகில் வந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள். கடைசி மின்னலிலிருந்து 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தொடங்கும். நடுவில் இன்னொன்று வெட்டினால் கணக்கு முதலிலிருந்து. பந்தலுக்குக் கீழே நிற்காமல் வண்டிக்குள் போங்கள். நிழற்கூரையைக் காற்று எழும்போதே சுருட்டிவிட வேண்டும். இரண்டு நிமிடம் தாமதித்தால் கூரையோடு பக்கச் சுவரும் கிழியும்.

ஒருமுறையாவது பார்க்க வேண்டிய இடங்கள்?

மிஸிஸிப்பியின் ஆக்ஸ்ஃபர்டில் ‘குரோவ்’ என்ற பத்து ஏக்கர் மரத்தோப்பு. 1991இல் மழையில் வண்டிகள் புல்வெளியைச் சேறாக்கிய பிறகு உள்ளே வாகனம் விடுவதில்லை; ஆர்.வி.யை வெளியே நிறுத்திவிட்டு நடந்து போக வேண்டும். பந்தல்களுக்குள் சரவிளக்கும் வெள்ளித் தட்டும் இருக்கும். டென்னசியின் நாக்ஸ்வில்லில் 1962இல் ஜார்ஜ் மூனி என்ற வானொலி வர்ணனையாளர் போக்குவரத்துக்குப் பயந்து ஆற்றில் படகில் வந்து இறங்கினார். இன்று படகுகளின் கூட்டமே கரையில் கட்டிக்கிடக்கிறது. தென் கரோலினாவின் கொலம்பியாவில் 1990 முதல் பழைய ரயிலின் 22 கடைசிப் பெட்டிகளை அலங்கரித்து, நகராத ஆர்.வி.க்களாக வைத்திருக்கிறார்கள்.

வண்டியின் மீதே ஆர்வம் உள்ளவர்கள் இந்தியானாவின் நோட்டர் டேம் பல்கலைக்கழக ஆட்டத்துக்குப் போகலாம். அமெரிக்க ஆர்.வி.க்களில் பெரும்பங்கைத் தயாரிக்கும் எல்கார்ட் பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே ஆர்.வி. அருங்காட்சியகமும் உண்டு.

ஞாயிறு காலை கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும்?

அவசரப்படாதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் சாலை காலியாகத் தொடங்கும். கழிவு நிலையத்தில் வரிசை அதற்கும் பிறகுதான் குறையும். குப்பையை உங்கள் எல்லைக்கு வெளியிலும் பொறுக்குங்கள். கழிவறைத் தொட்டியை முதலில் திறந்து காலிசெய்து, அதன் பிறகு சோப்புத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்தால் அந்த நீரே குழாயைக் கழுவிவிடும். கேஸை மூடி, ஆன்டெனாவை இறக்கி, நிழற்கூரையையும் படியையும் பூட்டி, சக்கரக் கட்டையை எடுத்துவிட்டு, வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். அடுத்த ஆண்டுக்கும் அதே இடம் வேண்டும் என்றால் அன்றைக்கே நிர்வாகியிடம் பெயரைப் பதிந்துவிட்டு, பக்கத்து வண்டிக்காரரின் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.